ஒற்றைக் காலுறையின் போக்கிடம்: ஃபெரெட் புகுந்த வீட்டுக்கு ஓர் உரை

பாயிரம்

நூல் செய்யப் புகுவோர் அதன் பயனை முதலில் சொல்ல வேண்டும் என்பது மரபு. இந்நூலால் பயன் எதுவும் இல்லை. ஆகவே எல்லையிலிருந்து தொடங்குகிறேன். வடக்கே படுக்கையறைக் கட்டிலின் அடி. தெற்கே சமையலறையில் துணி துவைக்கும் இயந்திரம். கிழக்கும் மேற்கும் சோபாவின் இரு கைகள். வழங்கும் நிலம் பிரிட்டனும் அமெரிக்காவும். நுதலிய பொருள் ஃபெரெட் என்னும் வளர்ப்பு விலங்கு. கேட்போர், அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு காலில் மட்டும் காலுறையோடு வாசலில் நிற்பவர்.

சென்னையை எல்லைக்குள் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. ஃபெரெட்டுக்கு உடல் வியர்த்துத் தணியும் வசதி இல்லை. வெப்பம் 30 டிகிரியை நெருங்கினாலே அது நாக்கு வெளியே தள்ள மூச்சிரைத்துச் சுருண்டு விழக்கூடும். நம் மே மாதத்தில் குளிர்சாதன அறைக்குள் அடைத்து வைத்தாலும், மின்வெட்டு வந்தால் அதன் கதை முடிந்தது.

இனி ஆய்வின் கருதுகோள். ஃபெரெட்டுக்கு வீடு என்று ஒன்று தெரியாது. அது அறிந்தது வளை ஒன்றே. வங்கியில் கடன் வாங்கி நாம் கட்டியதை, யாரோ வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போன வளையாக அது காண்கிறது. மிச்சத்தைத் தானே முடித்துத் தருகிறது. பராமரிப்பு என்று கையேடுகள் விரித்துச் சொல்வதெல்லாம், அந்தக் கட்டுமானப் பணியில் அது உயிரை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும் வழிகளே. இதை மறுத்து, ‘அது திருடுகிறது, வேறொன்றும் இல்லை’ என்பாரும் உளர். அவர்களுக்கு விடை களவியலில்.

மரபியல்

ஃபெரெட்டைப் படத்தில் பார்க்கும் தமிழர் உடனே கீரி என்று சொல்லிவிடுவர். அது பொருந்தாது. நீண்ட உடலும் குட்டைக் காலும் இருவருக்கும் பொதுவாக வாய்த்தவை, அவ்வளவுதான். கீரி பூனைப் பக்கத்துக் கிளையில் பிறந்தது. ஃபெரெட் நாய்ப் பக்கத்துக் கிளையில். நம்மூரில் அதற்குச் சொந்தம் தேடினால் காவிரியில் மீன் பிடிக்கும் நீர்நாயும், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் அரிதாகக் கண்ணில் படும் நீலகிரி மார்ட்டெனும் பங்காளி முறையில் வருகின்றன. நேர் மூதாதை ஐரோப்பாவின் போல்கேட் என்னும் காட்டு விலங்கு. ஃபெரெட்டில் ஆண் ஒன்றிலிருந்து இரண்டு கிலோ வரை இருக்கும். பெண் ஏறக்குறைய அதில் பாதி.

மனிதர் ஃபெரெட்டைப் பழக்கி 2000 ஆண்டுகளுக்குக் குறையாது. கிரேக்க நிலவியலாளர் ஸ்ட்ராபோ ஸ்பெயினைப் பற்றி எழுதும்போது, லிபியாவிலிருந்து வந்த ஒரு விலங்கை வாயைக் கட்டி முயல் வளைக்குள் விடுவார்கள் என்கிறார். அது முயலை நகத்தால் இழுத்து வெளியே போடும், இல்லாவிட்டால் வெளியே நிற்பவன் கையில் சிக்கும்படி விரட்டிவிடும். ரோமாபுரிப் பிளினி இன்னும் மேலே போகிறார். பலேரிக் தீவுகளில் முயல் பெருகிப் பயிரைத் தின்று தீர்க்க, தீவினர் பேரரசர் அகஸ்டஸிடம் படை அனுப்பும்படி விண்ணப்பித்தார்களாம். முயலுக்கு எதிராகப் படை. அதே இடத்தில் ஃபெரெட்டின் அருமையையும் பிளினி குறிப்பிடுகிறார்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? நாயை மனிதர் காவலுக்கும் வேட்டைக்கும் துணைக்கும் என்று பலவாறு பழக்கினர். ஃபெரெட்டிடம் கேட்ட தகுதி ஒன்றே: துளையைக் கண்டால் தயங்காமல் உள்ளே போ. 2000 ஆண்டுகள் இந்த ஒரே கேள்விக்குத் தேர்வு வைத்துத் தேறியவற்றை மட்டும் இனம் பெருக்கிவிட்டு, இப்போது ‘ஐயோ, குளிர்பெட்டிக்குப் பின்னால் போய்விட்டதே’ என்று அங்கலாய்ப்பது முறையாகாது.

இனி ஆண், பெண், இளமைப் பெயர்கள். ஆங்கிலத்தில் ஆண் ஹாப், பெண் ஜில், குட்டி கிட். காயடித்த ஆண் கிப். கருப்பை நீக்கிய பெண் ஸ்ப்ரைட். இவற்றோடு நில்லாமல், பிரிட்டனில் விந்துக்குழாயை மட்டும் வெட்டிய ஆணுக்கு ஹாப்லெட் என்று தனிப்பெயர் வழங்குகிறது. ஒரு வீட்டு விலங்குக்கு இத்தனை நுட்பமான பெயரீடு எதற்கு எனின், இங்கே உயிர் போகும் காரணம் இருக்கிறது. பெண் ஃபெரெட் பருவத்துக்கு வந்தால் ஆணோடு சேரும்வரை அந்தப் பருவம் விலகாது. சேர்க்கை நடந்தால்தான் சினைமுட்டையே வெளிப்படும். சேராமல் போனால் ஈஸ்ட்ரோஜன் வாரக்கணக்கில் உடம்பில் ஏறி நின்று எலும்பு மஜ்ஜையை முடக்கிவிடும், இரத்தம் ஊறாமல் போகும், பெண் இறந்துபோகும். குட்டி வேண்டாம், பெண்ணும் பிழைக்க வேண்டும் என்ற வீடுகளுக்கு வந்து கடமையை மட்டும் ஆற்றிவிட்டுப் போகிறவனே ஹாப்லெட். அவன் புண்ணியத்தில் பெண் பொய்ச்சினை கொண்டு சில வாரம் நிம்மதியாக இருக்கும்.

ஹாப்லெட் கிடைக்காத ஊரில் ஊசி போடுவர், அல்லது அறுவை செய்வர். அறுவை செய்தவற்றுக்குப் பிற்காலத்தில் அட்ரீனல் சுரப்பி கெட்டு, வாலில் தொடங்கி உடம்பெல்லாம் முடி கொட்டுவது பரவலாகக் காணப்பட்டதால், தோலுக்கடியில் ஹார்மோன் குச்சி வைக்கும் முறையை இப்போது பல கால்நடை மருத்துவர்கள் விரும்புகின்றனர்.

மெய்ப்பாட்டியல்

முதல் மெய்ப்பாடு தூக்கம். ஃபெரெட் ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரம் தூங்கும். அதுவும் சாதாரணத் தூக்கமா? தூக்கினால் துவளும், உலுக்கினால் தலை ஆடும், காதருகே பெயர் சொல்லி அழைத்தாலும் மீசை அசையாது. புதிதாக வளர்ப்பவர் கண்ணீரோடு மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்க, மறுமுனையில் குரல் கேட்ட அந்த நொடியில் அது நீளமாகக் கொட்டாவி விட்டுக் கண் திறக்கும். மருத்துவமனைகளில் வரவேற்பு மேசைக்காரர்கள் இதற்குப் பழகியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஆனால் இதில் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாத ஓர் இடம் உண்டு. விழித்தும் வெறித்த பார்வை, வாயில் எச்சில் வடிதல், பின்னங்கால் இழுத்தல் இவை சேர்ந்து வந்தால் தூக்கமென்று விடக் கூடாது. கணையத்தில் கட்டி வந்து இரத்தச் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போயிருக்கலாம். நடு வயதைத் தாண்டிய ஃபெரெட்டுகளுக்கு இது அடிக்கடி வரும் நோய். ஈறில் சிறிது தேனைத் தடவியபடியே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

எழுந்த பின் ஆட்டம். முதுகை வில்லாய் வளைத்து, வாய் திறந்து, பக்கவாட்டில் துள்ளித் துள்ளி, பின்னோக்கியும் பாய்ந்து, மேசைக் காலில் முட்டி விழுந்து, விழுந்ததைப் பொருட்படுத்தாமல் மீண்டும் துள்ளும். முதன்முறை பார்ப்பவர் வலிப்பு என்று பயப்படுவர். வளர்ப்பவர்கள் இதைப் போர் நடனம் என்பர். கூடவே ‘டுக் டுக் டுக்’ என்று ஓர் ஒலி வரும். இவ்வளவும் ஆனந்தம். இங்கே உரையாசிரியனுக்கு ஒரு சங்கடம். நம் இலக்கணத்தில் மெய்ப்பாடு எட்டு. ஒவ்வொன்றுக்கும் நிலைக்களன் வகுத்திருக்கிறது. ஃபெரெட்டோ அஞ்சினாலும் வாலைப் புட்டி கழுவும் தூரிகையாய்ச் சிலிர்க்கும், சினந்தாலும் சிலிர்க்கும், மகிழ்ச்சி மிகுந்தாலும் சிலிர்க்கும். வாலை வைத்துத் தீர்மானிக்க முயன்று விரலை நீட்டியவர், எது என்பதை விரலால் அறிந்துகொள்வார்.

கடிக்கிற குட்டியைப் பிடரித் தோலில் பிடித்துத் தூக்கினால் உடம்பு தளர்ந்து, வாய் தானாகக் கொட்டாவியில் விரியும். பல்லைச் சோதிக்க மருத்துவர்கள் கையாளும் வழி அது. பூட்டும் சாவியும் கூடவே வந்த விலங்கு வேறு உண்டா என்று தெரியவில்லை.

இன்னொரு மெய்ப்பாடு தும்மல். வரலாற்றில் இடம் பெற்ற தும்மல் இது. இன்ஃபுளுயென்சா எதனால் வருகிறது என்று உறுதியாகத் தெரியாதிருந்த காலம். 1933இல் லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பாட்ரிக் லெய்ட்லா மூவரும் காய்ச்சல்காரரின் தொண்டை கொப்பளித்த நீரை வடிகட்டி ஃபெரெட்டுகளின் மூக்கில் விட்டனர். அவற்றுக்கு நம்மைப் போலவே சளி, காய்ச்சல், தும்மல். நோய்க்குக் காரணம் வைரஸ் என்பது உறுதியாயிற்று. பின்னர் ஒரு ஃபெரெட் நேராக ஸ்மித்தின் முகத்தில் தும்ம, அவருக்கும் காய்ச்சல் வந்தது. அவரிடமிருந்து எடுத்த வைரஸுக்கு அவர் பெயரின் முதலெழுத்துகளையே சூட்டினர். ஆகையால் வீட்டில் யாருக்காவது ஃபுளூ என்றால் ஃபெரெட்டை ஒதுக்கி வைக்க வேண்டும்; அதற்கு ஃபுளூ என்றால் நாம் ஒதுங்க வேண்டும். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் தொற்றினால் ஃபெரெட் பிழைப்பது அரிது. அந்தத் தடுப்பூசியைத் தள்ளிப் போடவே கூடாது.

களவியல்

இந்நூலின் தலையாய இயல் இது.

ஃபெரெட் ஒரு பொருளை எடுக்கும் முறையை முதலில் காண்க. பொருளை மோந்து பார்க்கும். பல்லால் கவ்வும். பின்பு திரும்பி நடக்காது. முகத்தை நம் பக்கம் வைத்தபடியே பின்னோக்கி இழுத்துக்கொண்டு போகும். வளைக்குள் இரையை இழுக்க அதுவே வசதி. திருடன் என்று வாதிடுவோர் இந்த ஒன்றை விளக்கியாக வேண்டும்: எந்தத் திருடன் உரிமையாளரின் கண்ணைப் பார்த்தபடி பின்வாங்கிப் போகிறான்?

எதை எடுக்கும் என்பதில் வளர்ப்போரிடையே இரு கட்சி உண்டு. காலுறைக் கட்சியார் மணமே காரணம் என்பர்; நாள் முழுதும் அணிந்து கழற்றிய காலுறை, துவைத்து மடித்ததைவிட விரைவாக மறைகிறது என்பது அவர் சான்று. ரப்பர்க் கட்சியார், கடிக்கும்போது பல்லுக்கு இதமாகப் பணிந்து கொடுக்கும் தன்மையே காரணம் என்பர். தொலைக்காட்சி ரிமோட்டின் பொத்தான்கள், காதில் செருகும் ஒலிப்பான்களின் நுனி, செருப்பின் அடி, பள்ளிக்கூட அழிப்பான் ஆகியவை அவர் சான்று. சாவிக்கொத்து இரு கட்சிக்கும் அடங்காது. அதை எடுத்துக் காட்டினால் இரு சாராரும் பேச்சை மாற்றிவிடுவர்.

காட்டுப் போல்கேட்டின் பழக்கத்தைப் பார்த்தால் வழக்கு எளிதாகத் தீரும். அது தவளையின் தலையடியில் கடித்து, சாகவிடாமல் முடக்கி, வளையில் அடுக்கிச் சேமிக்கும். பசிக்குத் தின்றது போக மிச்சத்தை நாளைக்கென்று வைப்பது அதன் இயல்பு. வீட்டில் தவளை இல்லை. காலுறை இருக்கிறது, அது தப்பி ஓடாது, கெட்டுப்போகாது, இரவெல்லாம் சுருண்டு கிடக்க மெத்தையாகவும் ஆகும். சேமிப்புப் பொருள் என்று பார்த்தால் தவளையைவிடக் காலுறை மேல். ஜோடியில் ஒன்றை மட்டும் எடுப்பது ஏன் என்ற கேள்விக்கு விடை: அது ஜோடியைத்தான் எடுக்கிறது; ஒவ்வொன்றாக. இரண்டாவதை நாம் முந்திக்கொண்டு காலில் போட்டுவிடுகிறோம்.

இனிக் களஞ்சியம். சோபாவின் அடியில் தைத்திருக்கும் மெல்லிய துணியைக் கிழித்து உள்ளே ஏறி, மரச்சட்டத்துக்கும் சுருள்கம்பிக்கும் நடுவே பெரும்பாலும் அது அமையும். இங்கே ஒரு சட்டச் சிக்கல். பிறர் இடத்தில் வெளிப்படையாக நெடுங்காலம் குடியிருப்பவர் அனுபவ பாத்தியதை கோரலாம். இங்கிலாந்தில் பதிவில்லா நிலத்துக்கு 12 ஆண்டு. நம் நாட்டில் தனியார் நிலத்துக்கும் 12 ஆண்டு. ஃபெரெட்டின் ஆயுளோ பொதுவாக 6 முதல் 8 ஆண்டு. ஆகவே எந்த ஃபெரெட்டும் சோபாவைச் சட்டப்படி அடைந்ததில்லை. சோபாவின் உட்புறம் நிலமாகுமா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை.

சிரித்துக்கொண்டே இவ்வளவு சொன்னாலும், ஃபெரெட்டுகள் பல சாவது இந்த இயலில்தான். விழுங்கிய ரப்பர்த் துண்டு குடலில் போய் அடைத்துக்கொள்ளும். சாப்பிடாமல், பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு மூலையில் ஒண்டும். அறுவை செய்தாலன்றிப் பிழைக்காது. சாய்வு நாற்காலியின் பொறிக்குள் அது தூங்கிக்கொண்டிருக்க, மேலே ஒருவர் அலுப்போடு சாய்ந்து கால் நீட்டுவார். துவைக்கும் இயந்திரத்தில் அழுக்குத் துணியோடு துணியாகக் கிடக்கும்போது ஒருவர் பொத்தானை அழுத்துவார். ஆகவே முதல் விதி, சாய்வு நாற்காலியை வீட்டைவிட்டே அனுப்பு. இரண்டாவது, துணி துவைக்கும் முன் கையை உள்ளே விட்டுத் துழாவு. மூன்றாவது, தலை நுழைந்தால் உடம்பும் நுழையும் என்பதால் இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளியையும் வாசலாகக் கருதி அடை.

களஞ்சியத்தைக் கண்டுபிடித்தவர் அதைச் சுத்தமாகத் துடைத்துவிடக் கூடாது என்பது அனுபவசாலிகள் சொல்வது. ஆபத்தானதை மட்டும் எடுத்துவிட்டுப் பழைய துணி சிலவற்றை விட்டுவைக்க வேண்டும். எல்லாவற்றையும் எடுத்தால் அது இன்னும் ஆழமான இடம் தேடும். சில வீடுகளில் இதற்கென்றே காலுறை வாங்குகிறார்கள். கருதுகோளுக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

எச்சவியல்

ஃபெரெட் முழு ஊனுண்ணி. குடல் குட்டை, தின்றது 3, 4 மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அதனால் நாளில் பலமுறை சிறிது சிறிதாகத் தின்னும். அத்தனை முறையும் கணக்குத் தீர்க்கும். புலால் புரதமும் கொழுப்பும் நிறைந்த உணவே அதற்கு ஏற்றது. தானியம், பழம், இனிப்பு ஆகாது. உலர்திராட்சைக்கு உயிரை விடும் என்பதால் கொடுக்கலாம் என்று பொருளில்லை. சொல்லப்போனால் அங்கேதான் வம்பு. குட்டியாக இருந்த சில மாதங்களில் எந்த மணத்தைத் தின்று பழகியதோ அதையே உணவென்று ஏற்கும். வளர்ந்த பின் புதியதை வைத்தால் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் நடந்து போகும்.

கழிக்கும் இடம் மூலை. பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து, சுவர் இரண்டும் தட்டிய பிறகு வாலைத் தூக்கும். வளையில் படுக்குமிடத்தை அழுக்காக்காத ஒழுங்கு அது. நான்கு மூலை உள்ள அறையில் ஒரே ஒரு தட்டம் வைத்து அதில் மட்டும் போக வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் கட்டிடக்கலையோடு மோதுகிறார். தட்டத்தில் காகிதத் துகள் போதும். பூனைகளுக்கென விற்கும் கட்டியாகும் மண் மூக்கில் ஏறும். தட்டத்தில் போனால் தின்பண்டம் என்று பழக்கியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சில நாளில் அது தட்டத்தில் ஏறி, வாலைத் தூக்கி, ஒன்றும் செய்யாமல் இறங்கி வந்து கையைப் பார்க்கும்.

ஃபெரெட்டின் உடல் நாற்றத்துக்கு அஞ்சி வாரந்தோறும் குளிப்பாட்டுவோர் உண்டு. தோலின் எண்ணெய் போனால் சுரப்பி இரட்டிப்பாகச் சுரக்கும், நாற்றம் கூடும். படுக்கைத் துணியைத் துவைத்தால் போதும்.

அமெரிக்க அறிவியலும் இந்த இயலைக் கடந்தே போக வேண்டியிருந்தது. 1971இல் சிகாகோவுக்கு அருகே பட்டேவியாவில், பிற்பாடு ஃபெர்மிலாப் என்று பெயர் பெற்ற தேசிய முடுக்கி ஆய்வகத்தில், நீண்ட வெற்றிடக் குழாய்களுக்குள் உலோகத் துகள் மிஞ்சியிருந்தால் துகள் கற்றை கெட்டுவிடும் என்ற நிலை. துடைக்க வழி தெரியாமல் நின்றபோது, பிரிட்டனிலிருந்து வந்திருந்த பொறியாளர் ராபர்ட் ஷெல்டன் தம் ஊர் முயல் வேட்டையை நினைவுகூர்ந்தார். 35 டாலருக்கு ஃபெலிசியா என்ற ஃபெரெட் வந்து சேர்ந்தது. கழுத்துப் பட்டையில் நூலைக் கட்டிக் குழாய்க்குள் விடுவர். அது மறுமுனைக்கு நூலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நூலில் துடைப்பான் கட்டி இழுப்பர். குழாயைச் சுத்தம் செய்யப் போனது குழாயில் தன் கைவரிசையைக் காட்டிவிடக் கூடாதே என்று அதற்கு அரைக்கச்சை கட்டிவிட்டிருந்தனர். ஏறத்தாழ 6 கிலோமீட்டர் சுற்றளவுள்ள பெரிய வளையத்துக்குள் மட்டும் போக மறுத்துவிட்டது. மறுமுனை இல்லாத வளை என்ன வளை என்று அது கருதியிருக்க வேண்டும். இயற்பியலாளர்கள் அந்த ஆட்சேபத்தை ஏற்று, மற்றக் குழாய்களுக்கே அதைப் பயன்படுத்தினர். பின்னாளில் அந்த வேலைக்கு இயந்திரம் வந்தது.

புறத்திணையியல்

வீரம் முதலில். யார்க்‌ஷயரில் ஃபெரெட் லெக்கிங் என்று ஒரு போட்டி உண்டு. கால்சட்டையின் கணுக்காலைக் கயிற்றால் இறுகக் கட்டி, உள்ளே ஃபெரெட்டுகளை விட்டு, இடுப்பு வாரை இறுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளாடை கூடாது, மதுவும் கூடாது. 1981இல் ரெஜ் மெல்லர் என்ற சுரங்கத் தொழிலாளி 5 மணி 26 நிமிடம் நின்றார். ஃபெரெட்டின் பக்கத்திலிருந்து பார்த்தால், இரு முனையும் அடைத்த ஒரு வளைக்குள் யாரோ ஏற்கெனவே குடியிருந்தார்.

அடுத்து அரசர்கள். நியூயார்க் நகரம் 1999இல் ஃபெரெட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு மேயர் ரூடி ஜூலியானி தம் வானொலி நிகழ்ச்சியில், தடையைப் பற்றிக் கேட்ட ஃபெரெட் ஆர்வலர் ஒருவரை மனநல மருத்துவரைப் பார்க்கும்படி நெடுநேரம் கடிந்துகொண்டார். 2015இல் தடையை நீக்கும் முயற்சி நகரச் சுகாதார வாரியத்தில் தோற்றது. நியூசிலாந்தின் தடைக்கு மறுபேச்சு சொல்ல முடியாது. 1880களில் முயலை ஒழிக்கவென்று இறக்கிவிட்ட ஃபெரெட்டுகள், பறக்கத் தெரியாத பறவைகள் தரையிலேயே கூடு கட்டுவதைக் கண்டுகொண்டன. 2002 முதல் அங்கே விற்கவோ இனம்பெருக்கவோ கூடாது.

கலிபோர்னியாதான் உரை வகுக்கக் கடினமான இடம். அங்கே ஃபெரெட் வளர்ப்பது சட்டப்படி குற்றம். 2004இல் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு விலக்கு அளிக்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி ஆளுநர் அர்னால்டு ஸ்வார்ஸ்னேகரின் மேசைக்குப் போனது. 1990இல் வெளிவந்த ‘கிண்டர்கார்ட்டன் காப்’ படத்தில் அவர் ஃபெரெட்டோடு நடித்தவர். தமக்கு ஃபெரெட் பிடிக்கும், உடன் நடித்ததும் உண்டு என்று குறிப்பெழுதி, சூழல் ஆய்வு நடக்கவில்லை என்று காரணம் காட்டி மசோதாவைத் திருப்பி அனுப்பினார். தடை விலங்குக்குத்தான். அதன் தீவனத்துக்கும், கூண்டில் கட்டும் ஊஞ்சல் படுக்கைக்கும் தடை கிடையாது. மாநிலத்துச் செல்லப்பிராணிக் கடைகளில் அவை அலமாரியிலேயே விற்கின்றன. யாருக்கு என்று கடைக்காரரும் கேட்பதில்லை, வாங்குபவரும் சொல்வதில்லை.